ஏழு நிமிடங்களுக்காக ஒரு மின்சைக்கிளை மாற்றியமைக்கலாமா?

42, 55, 67. மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் முதலிய நடமாட்டச் சாதனங்கள் தொடர்பில் சிங்கப்பூரில் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூண்ட தீச்சம்பவங்களின் எண்ணிக்கை இது. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை வெளியிட்ட புள்ளிவிவரம். இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 60 விழுக்காடு ஏற்றம்.

இந்த எண்களை மாணவர்களாகிய நாம் ஏன் கவனிக்க வேண்டும்? பள்ளி முடிந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ செல்லும் வயதில் நம் கைக்கு எட்டும் முதல் ‘வாகனம்’ பெரும்பாலும் மின்சைக்கிள்தான். காரைப் பற்றி நினைக்கவே முடியாது. மோட்டார் சைக்கிள் என்றால் 18 வயது, ஓட்டுநர் உரிமம், அதற்கு மேல் வாகன உரிமைச் சான்றிதழுக்குச் சில ஆயிரம் வெள்ளி. மின்சைக்கிளுக்கு 16 வயதும் ஒரு தேர்வும் போதும். பகுதிநேரமாக உணவு விநியோகம் செய்து கைச்செலவுக்குச் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கும் அது தோது.

வாங்கிய சில மாதங்களில் பலர் காதிலும் விழும் சொல் ‘அப்கிரேட்’. வேகத்தைத் திறந்துவிடலாம், கைப்பிடியில் விசைமுடுக்கி பொருத்தலாம், இரண்டாவது மின்கலனைச் சேர்க்கலாம் என்று ஆலோசனைகள் வந்துகொண்டே இருக்கும். எந்த மேம்பாடு நம் பயணத்துக்கு உண்மையிலேயே உதவும், எது பெயரளவில் மட்டும் மேம்பாடு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் சொல்லும் மின்சைக்கிள் எது?

சிங்கப்பூரில் மின்சைக்கிள் என்றால் மிதித்தால் மட்டுமே மோட்டார் துணைக்கு வரும் சைக்கிள். மிதிக்காமல் ஓடினால் அது சட்டத்தின் பார்வையில் வேறு வாகனம். மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. வேகம் கூடக்கூட மோட்டாரின் உதவி குறைந்து, மணிக்கு 25 கிலோமீட்டரில் முற்றாக நின்றுவிட வேண்டும். மொத்த எடை 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பாவின் இஎன் 15194 தரநிலையையும் பூர்த்திசெய்ய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் சான்றாக நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரை சைக்கிளின் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். சைக்கிளைப் பதிவுசெய்து பின்புறத்தில் எண் பலகையைப் பொருத்த வேண்டும். ஓட்டுபவர் 2022ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இணையக் கோட்பாட்டுத் தேர்வில் தேறியிருக்கவும் வேண்டும்.

எங்கே ஓட்டலாம் என்பதிலும் தெளிவு தேவை. சாலையிலும் சைக்கிள் பாதையிலும் ஓட்டலாம். சாலையில் தலைக்கவசம் கட்டாயம். நடைபாதையிலும் விரைவுச்சாலையிலும் ஓட்டக்கூடாது. நடைபாதையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விதிமுறைக்கு உட்படாத மின்சைக்கிளைச் சாலையில் ஓட்டினால் முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைக்கிளும் பறிமுதலாகலாம்.

இந்த விதிகள் ஒரே நாளில் வந்தவையல்ல. 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் வீவக வீடொன்றில் மூண்ட தீயில் 40 வயது ஆடவர் உயிரிழந்தார். எரிந்த மின்ஸ்கூட்டர்கள் அங்கு காணப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் சைக்கிளில் சென்ற 65 வயது மாது மின்ஸ்கூட்டர் மோதிய விபத்துக்குப் பின் இறந்தார். நவம்பர் 5ஆம் தேதி முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர்களுக்குத் தடை வந்தது.

அந்தத் தடை உணவு விநியோகம் செய்தவர்களின் பிழைப்பைப் புரட்டிப்போட்டது. அவர்கள் வேறு வாகனத்துக்கு மாற, அரசாங்கம் 7 மில்லியன் வெள்ளி மதிப்பில் ஒரு மானியத் திட்டத்தை அறிவித்தது. மின்சைக்கிள் வாங்குவோருக்கு 1,000 வெள்ளி வரை உதவி கிடைத்தது. ஸ்கூட்டரில் ஓடிய பலர் மின்சைக்கிளுக்கு வந்தது அப்படித்தான். சாதனம் மாறியது. ஆனால் ஸ்கூட்டரோடு வந்த வேகப் பசியும் மாற்றியமைக்கும் பழக்கமும் அப்படியே தொடர்ந்தன.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கடைக்குப் போகும் மாணவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு வேகம் போகும்?” சட்டப்படி எல்லா மின்சைக்கிளுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் அந்தக் கேள்வியால் பயனில்லை. அதற்குப் பதில் இவற்றைக் கேட்கலாம்.

முதலாவது, முத்திரை இருக்கிறதா? புதியதாக இருந்தாலும் பழையதாக இருந்தாலும் ஆரஞ்சு முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. முத்திரை கிழிந்திருந்தாலோ ஒட்டிப் பிரித்ததுபோல் இருந்தாலோ அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது. அங்கீகரிக்கப்பட்ட வகைகளின் பட்டியலை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். பழைய சைக்கிளாக இருந்தால் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றாமல் ஓட்டாதீர்கள். அதற்கு முன்பு வைத்திருந்தவர் உள்ளே எதையாவது மாற்றினாரா என்பதையும் கேளுங்கள். மாற்றியவர் வேறொருவராக இருந்தாலும் சாலையில் நிறுத்தப்படுபவர் நீங்கள்தான்.

இரண்டாவது, என் பயணம் எவ்வளவு தூரம்? வீட்டிலிருந்து வளாகத்துக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 16. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் அளவில் ஒரு மின்கலனை எடுத்துக்கொள்வோம்: 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி. மிதமாக மிதித்துக்கொண்டே ஓட்டினால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 9 வாட்-மணி செலவாகும். ஆக, ஏறத்தாழ 40 கிலோமீட்டர். உடல் எடை, மேடு, எதிர்க்காற்று எல்லாவற்றுக்கும் கழித்தாலும் இரண்டு நாள் பயணத்துக்கு ஒரு மின்னூட்டம் தாங்கும். பெரிய மின்கலன் வேண்டும் என்று விற்பனையாளர் வற்புறுத்தினால் இந்தப் பெருக்கலை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, தூக்க முடியுமா? மின்தூக்கி பழுதானாலோ மேம்பாலத்தில் ஏற வேண்டியிருந்தாலோ 20 கிலோவைச் சுமக்கப்போவது நீங்கள்தான். கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

நான்காவது, எங்கே மின்னூட்டுவேன்? வீட்டில் எல்லாரும் தூங்கும்போது வாசற்கதவருகே மின்னூட்டுவதுதான் ஆக ஆபத்தான பழக்கம். தீ மூண்டால் வெளியேறும் ஒரே வழியை அது அடைத்துவிடும். மின்கலனைத் தனியே கழற்றக்கூடிய சைக்கிளாக இருந்தால், ஆள் விழித்திருக்கும் நேரத்தில், தீப்பற்றும் பொருள்கள் இல்லாத இடத்தில் மின்னூட்டலாம். மாணவர் விடுதியில் தங்குபவர்கள் வாங்குவதற்கு முன்பே விடுதியின் விதிகளைப் படித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, பழுதானால் யார் பார்ப்பார்? மின்கலனுக்கு உத்தரவாதம் எத்தனை மாதம், அதே தயாரிப்பாளரின் மாற்று மின்கலனும் சார்ஜரும் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை 200 வெள்ளி குறைவு என்பதற்காக உதிரிபாகம் கிடைக்காத ஒன்றை வாங்கினால், முதல் மின்கலன் தளர்ந்ததும் தெரியாத கடையின் தெரியாத மின்கலனைத் தேடிப்போக வேண்டியிருக்கும். ஆபத்தின் கதவு அங்குதான் திறக்கிறது.

ஏழு நிமிடக் கணக்கு

இப்போது ‘வேகத்தைத் திறப்பது’ பற்றிப் பார்ப்போம். அதே 8 கிலோமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போனால் 19 நிமிடம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 12 நிமிடம். மிச்சம் ஏழு நிமிடம். சிவப்பு விளக்குக்குச் சைக்கிளின் வேகம் தெரியாது. எவ்வளவு விரைவாகச் சந்திப்பை அடைந்தாலும் பச்சை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். சாலை வளைவுகள், பேருந்து நிறுத்தங்கள், மழை எல்லாம் போக, கையில் மிஞ்சுவது அந்த ஏழிலும் குறைவாகத்தான் இருக்கும்.

அதற்கு நாம் கொடுக்கும் விலையை உயர்நிலைப் பள்ளி இயற்பியலே சொல்லிவிடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 25லிருந்து 40க்குப் போனால் வேகம் 1.6 மடங்கு, மோதும்போது உடலும் எதிரே இருப்பவரும் தாங்க வேண்டிய ஆற்றல் 2.56 மடங்கு. நிறுத்தும் தூரத்தைப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகும், பிரேக் வேகத்தை விநாடிக்கு விநாடி 4 மீட்டர் குறைக்கும் என்று கொள்வோம். 25 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் சுமார் 13 மீட்டரில் நிற்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 26 மீட்டர் வேண்டும். ஏறத்தாழ இரட்டிப்பு. பூங்கா இணைப்புப் பாதையில் பாட்டியின் கையை விட்டு ஓடிவரும் குழந்தைக்கும் நமக்கும் இடையே 26 மீட்டர் எப்போதும் இருக்காது.

மோட்டாரின் பக்கத்திலும் கணக்கு இதேபோலத்தான். வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 1.6 மடங்கு வேகத்துக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு திறன். அந்தத் திறனைத் தர மின்கலனிலிருந்து கூடுதல் மின்னோட்டம் பாய வேண்டும். மின்னோட்டம் 15 ஆம்பியரிலிருந்து 25 ஆம்பியருக்கு உயர்ந்தால் கம்பியில் உண்டாகும் வெப்பம் 2.8 மடங்காகும். கம்பிகளும் இணைப்புகளும் மின்கலனும் பழைய அளவுக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. வேகமானியில் தெரியும் எண்ணைப் பார்த்து மகிழ்கிறோம். இருக்கைக்குக் கீழே என்ன சூடாகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மின்கலன்: ஆக விலையுயர்ந்த தவறு

லித்தியம் மின்கலன் ஒன்றுக்குள் பல சிறு கலங்கள் தொடராகவும் இணையாகவும் கோக்கப்பட்டிருக்கும். 36 வோல்ட் மின்கலன் முழுதாக மின்னூட்டப்படும்போது வழக்கமாக 42 வோல்ட்டில் நிற்கும். 48 வோல்ட் வகைக்கான சார்ஜர் 54.6 வோல்ட் வரை தள்ளும். சொருகும் முனை பொருந்துகிறது என்பதற்காக நண்பரின் சார்ஜரைக் கடன் வாங்கினால், கலங்கள் தாங்கும் எல்லையைத் தாண்டி மின்னூட்டம் ஏறலாம். அதைத் தடுக்க மின்கலனுக்குள் ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கும். மலிவான, பழுதான, அல்லது ‘மாற்றியமைக்கப்பட்ட’ மின்கலனில் அந்தச் சுற்றை நம்ப முடியாது.

ஒரு கலம் அளவுமீறிச் சூடானால் அதன் வேதிவினை தானே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பம் பக்கத்துக் கலத்துக்குப் பரவும். சில விநாடிகளில் புகை, பிறகு தீப்பிழம்பு. இது ஒரு மின்தூக்கிக்குள் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான சான்று உண்டு. 2021 ஜூனில் உட்லண்ட்சில் மின்தூக்கிக்குள் நடமாட்டச் சாதனம் ஒன்று தீப்பற்றியதில் கடுமையாகக் காயமடைந்த இளையர் ஒருவர் உயிரிழந்தார். அவருக்கு வயது 20. இந்தப் பக்கத்தைப் படிக்கும் நம்மில் பலரின் வயது.

இரண்டு மின்கலன்களை இணையாக இணைப்பதும் இதேபோல் ஆபத்தானது. ஒன்று நிறைந்தும் மற்றது பாதி தீர்ந்தும் இருந்தால், இணைத்த கணத்திலேயே நிறைந்ததிலிருந்து மற்றதற்கு மின்னோட்டம் பாய்ந்தோடும். கடைக்காரர் சாலிடர் வைத்துக் கொடுத்துவிட்டார் என்பதால் அது பாதுகாப்பாகிவிடாது. மேலே பார்த்தபடி, 16 கிலோமீட்டர் போய்வரும் மாணவருக்கு இரண்டாவது மின்கலன் தேவையே இல்லை.

பழைய மின்கலனை என்ன செய்வது? குப்பை வீசும் குழாயில் போடவே கூடாது. 2021 ஜூலையில் தொடங்கிய தேசிய மின்கழிவுத் திட்டத்தில் மின்சைக்கிள்களும் அடங்கும். எங்கே ஒப்படைப்பது என்பதை வாங்கிய கடையிலோ திட்டத்தின் இணையத்தளத்திலோ கேட்டறியலாம்.

சட்டத்துக்குள் என்னென்ன மேம்பாடு?

அப்படியானால் எதையுமே மாற்றக்கூடாதா? மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி, மின்கலன் ஆகிய மூன்றில் கைவைக்காமலேயே பயணத்தை எவ்வளவோ மேம்படுத்தலாம். எதற்கு அனுமதி உண்டு என்பதை மட்டும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் கணக்கில் முதலிடம் டயருக்கு. காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை சரிபார்ப்பதற்குச் செலவே இல்லை. காற்று குறைந்த டயர் மின்கலனையும் வேகமாகத் தீர்க்கும். எளிதில் பஞ்சராகாத டயரும் உள்டியூபும், காலை எட்டு மணி விரிவுரைக்குப் போகும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கும் நிலையைத் தவிர்க்கும். அந்த ஒருநாள் தாமதம் மட்டுமே வேகத்தைத் திறந்து மிச்சம்பிடிக்கும் பல நாள் நிமிடங்களை விழுங்கிவிடும்.

இரண்டாமிடம் பிரேக் கட்டைகளுக்கு. நம் ஊர் மழையில் அவை விரைவாகத் தேயும். தேய்ந்ததும் அதே வகையில் புதியதை மாற்றுவது பராமரிப்பு. அதற்கு அடுத்து விளக்குகள். இருட்டியபின் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. மங்கலான விளக்கைவிடப் பிரகாசமான ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது தகும். நல்ல பூட்டு, மடிக்கணினியை நனையாமல் காக்கும் பை, காற்றில் பறக்காத மழைச்சட்டை, அளவான தலைக்கவசம் என இந்தப் பட்டியல் முழுவதற்கும் ஆகும் செலவு, சட்டவிரோத மின்கலன் ஒன்றின் விலைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் 20 கிலோ வரம்பை மறந்துவிடாமல், சைக்கிளில் நிரந்தரமாக எதைப் பொருத்தினாலும் எடையைக் கவனியுங்கள்.

பிறகு ஏன் மாற்றுகிறார்கள்?

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் மாற்றியமைப்பது நிற்கவில்லை. அதை வெறும் இளமை வேகம் என்று சொல்லிக் கடந்துபோவது நியாயமாகாது.

வகுப்புக்குப் போகும் மாணவருக்கு ஏழு நிமிடம் வெறும் ஏழு நிமிடம்தான். உணவு விநியோகம் செய்பவருக்கு அது பணம். ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்று சம்பாதிப்பவர், மதிய உணவு நேரத்தின் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை ஆர்டர்களை முடிக்கிறாரோ அவ்வளவுதான் அவர் வருமானம். நாள் முழுதும் ஓடுபவருக்கு 40 கிலோமீட்டர் மின்கலன் மாலைவரை தாங்காது. இடையில் மின்னூட்ட வசதியான இடமும் இல்லை. அவருக்கு இரண்டாவது மின்கலன் ஆடம்பரமாகத் தோன்றாது. இதைச் சொல்வது சட்டமீறலை நியாயப்படுத்த அல்ல. அபராதத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால் இந்தத் தேவை மறைந்துவிடாது என்பதற்காகத்தான்.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. நியூயார்க்கில் 2023ல் மட்டும் லித்தியம் மின்கலன் தீச்சம்பவங்களில் 18 பேர் மாண்டனர். விற்கப்படும் மின்சைக்கிள்கள் பாதுகாப்புச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று அந்நகரம் அதே ஆண்டில் சட்டம் கொண்டுவந்தது. அதோடு நிற்காமல், விநியோக ஊழியர்களுக்காகப் பொது இடங்களில் மின்கலன் மின்னூட்டும் முன்னோடித் திட்டத்தையும் 2024ல் தொடங்கியது. லண்டன் போக்குவரத்துத் துறை 2025 மார்ச் இறுதியில் மடிக்க முடியாத மின்சைக்கிள்களைத் தன் ரயில்களில் ஏற்றத் தடை விதித்தது. ஒரு நகரம் தடையோடு வசதியையும் சேர்த்துத் தந்தது. மற்றொன்று தடையை முன்னிறுத்தியது.

நம்மிடம் தரநிலை, முத்திரை, பதிவு, தேர்வு, அபராதம் எல்லாம் ஏற்கெனவே உள்ளன. விதி எழுதுவதில் நாம் முந்திவிட்டோம். அடுத்த கட்டமாக உணவங்காடி நிலையங்களின் அருகிலோ வீவக கீழ்த்தளங்களிலோ பாதுகாப்பான, கண்காணிக்கப்படும் மின்னூட்ட இடங்களைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கருத்து. அது வீட்டு வாசலில் இரவு முழுதும் மின்னூட்டும் பழக்கத்தையும் குறைக்கும்.

இன்னொரு வாதமும் காதில் விழுகிறது. “சாலையில் கார்கள் 50 கிலோமீட்டரில் பறக்கும்போது 25ல் ஊர்ந்துபோவதுதான் ஆபத்து. வேகமாகப் போனால்தான் பாதுகாப்பு” என்கிறார்கள். கார் ஒன்று தோளை உரசிக்கொண்டு முந்திச்செல்லும்போது எழும் அச்சம் உண்மையானது. அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் 250 வாட்டுக்காக அமைந்த சட்டமும் சிறு சக்கரமும் பிரேக்கும் கொண்ட ஒன்றில் 45 கிலோமீட்டர் வேகத்தில் போவது அந்த அச்சத்துக்கு மருந்தாகாது. மருந்து தனிப் பாதைதான். 2030க்குள் தீவு முழுதும் சைக்கிள் பாதைக் கட்டமைப்பை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டருக்கு விரிவுபடுத்துவது அரசாங்கத்தின் இலக்கு. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை மட்டுமல்லாமல், வளாகங்கள் வரையும் அந்தப் பாதைகள் அறுபடாமல் சென்றால், நம் பயணம் சட்டத்தை மீறாமலேயே வேகமாகும்.

20 கிலோ எடை வரம்பும் பேசத்தக்கது. நாம் பின்பற்றும் ஐரோப்பியத் தரநிலையில் அத்தகைய வரம்பு இல்லை. அங்கே அதைவிடக் கனமான மின்சைக்கிள்கள் சாதாரணம். நடைபாதையும் சைக்கிள் பாதையும் நெருக்கமாக அமைந்த நம் ஊரில் எடை குறைவாக இருந்தால் மோதலின் பாதிப்பும் குறையும் என்பது புரிகிறது. அதேவேளையில், உறுதியான பிரேக்கும் வலுவான மின்கலன் உறையும் கூடுதல் எடையில்தான் வரும். விதியை மாற்றக் கோருவதற்கு மனுவும் கருத்துக்கணிப்பும் நாடாளுமன்ற உறுப்பினரும் இருக்கிறார்கள். திருப்புளியை எடுத்துக்கொண்டு நாமே மாற்றிக்கொள்வது அந்த விவாதத்தில் நம் பக்கத்தைப் பலவீனமாக்கும்.

நம் கையில் உள்ளது

உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்களுக்கு 16 வயது நிறையும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதுவரை சாதாரண சைக்கிளில் பழகுவது வீணாகாது. சாலையில் கண்ணும் காதும் எப்படி விழித்திருக்க வேண்டும் என்பதை அது கற்றுத்தரும். 16ஐத் தாண்டியவர்கள் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கோட்பாட்டுத் தேர்வை முடித்துவிடலாம். எந்தப் பாதையில் எதற்கு அனுமதி என்று தெரிந்தபின் நம் தினசரி வழிக்கு மின்சைக்கிள் ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் வாங்காமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இந்த வாரம் மூன்றை மட்டும் செய்து பாருங்கள். முத்திரையும் எண் பலகையும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சார்ஜரில் எழுதியுள்ள வோல்ட் அளவு மின்கலனுக்கு உரியதுதானா என்று கையேட்டோடு ஒப்பிடுங்கள். மின்னூட்டும் இடத்தை வாசலிலிருந்து மாற்றுங்கள். மின்கலன் வீங்கியிருந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சூடானாலோ, வாடை வந்தாலோ அதைப் பயன்படுத்துவதை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஒரு முழு மின்னூட்டத்துக்கு நம் வீட்டு மின்கட்டணத்தில் ஆகும் செலவு ஏறத்தாழ 12 காசு. 40 கிலோமீட்டரை 12 காசுக்குக் கடக்க உதவும் வாகனம் மாணவர்களுக்கு வேறெதுவும் இல்லை. அந்த வசதி தொடர்ந்து நமக்குக் கிடைக்குமா என்பது அதை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. மின்ஸ்கூட்டர் நடைபாதையிலிருந்து இறங்கியதைப் பார்த்த தலைமுறை நாம். காலையில் அந்த ஏழு நிமிடம் கட்டாயம் வேண்டுமென்றால், கடிகார மணியை ஏழு நிமிடம் முன்னால் வைத்துவிட்டுத் தூங்கலாம். அதற்கு அபராதமும் இல்லை, மின்கலனும் வேண்டாம்.